ஈர்க்கிலும் மெல்லிய குழாய்

மற்றவர்கள் பெய்த சலத்தை அளந்து கொப்பியில் எழுதுவதுதான் என் உத்தியோகத்தில் பெரும்பங்கு என்று சொல்லியிருந்தால், என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போயிருப்பார்கள்; அதனால் எங்கள் வீட்டில் ‘நேர்ஸ் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1996 முதல் 2009 வரை யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மாறி மாறி வேலை செய்தேன். அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையை எட்டி எட்டிப் பார்த்தவர்கள், அம்மாவுக்கு இன்று எத்தனை தரம் போனது என்று விரலில் எண்ணியவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை.

சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் குழாய் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம். முந்தி எப்போதோ ஒரு கல் வந்து நின்ற தழும்பாலோ, பழைய சிகிச்சை ஒன்றின் விளைவாலோ, வயது போன காலத்தில் சிலருக்கு அது சுருங்கிவிடும். சுருங்கினால் மேலே தேங்கும். தேங்கினால் சிறுநீரகம் வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்.

சத்தம் போடாதவன்

1997 இல் ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து அந்தோனிப்பிள்ளை என்ற கடற்றொழிலாளி வந்தார். எழுபது வயது. கால் வீக்கம், சாப்பாட்டில் மனமில்லை, வேறொன்றும் இல்லை என்றார். முந்தின கிழமை வரை தொழிலுக்குப் போனவர். நேவி கடலுக்கு விட்ட நேரத்துக்குள் போய், வலை இழுத்து, வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வந்தவர். எங்கள் டொக்டர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வந்த முடிவை நம்பாமல் இன்னொரு தரம் சோதிக்கச் சொன்னார். இரண்டாம் தரமும் அதே முடிவு. இவ்வளவு கழிவு இரத்தத்தில் இருக்கிற மனிதன் எழும்பி நிற்கவே ஏலாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மனிதர் அப்போது யன்னலடியில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மூன்று மணித்தியாலம். ஸ்கான் எடுத்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வலது சிறுநீரகம் எப்போதோ சுருங்கி, ஒரு பாக்கு அளவில் கிடந்தது. இடது பக்கக் குழாய் சலப்பைக்குக் கிட்ட சுருங்கி, அந்தச் சிறுநீரகம் தேங்காய் அளவுக்கு ஊதியிருந்தது. எத்தனையோ வருஷமாக இந்த மனிதர் மிச்சமிருந்த ஒரு துண்டுச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறார். நோகவேயில்லையா என்று சத்திரசிகிச்சை டொக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தோனிப்பிள்ளை சொன்னார்:

“உள்ளுக்கை இருந்தவன் ஒரு சத்தமும் போடேல்லை, ஐயா. பிறகு நான் என்னெண்டு அறியிறது?”

ஒன்பது போத்தல்

அவருடைய மனைவிக்கு யாழ்ப்பாணம் வரப் படையினரின் பாஸ் கிடைக்கவில்லை. ஆள் துணை இல்லாமல் விட மனமில்லாமல் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முதுகுப் பக்கமாக ஒரு குழாயை அந்த ஊதிய சிறுநீரகத்துக்குள் வைத்தார்கள். நகரத்தில் கரண்ட் இல்லாத காலம். ஜெனரேற்றர் ஓடும் சத்தத்துக்குள் டொக்டர் வேலை செய்தார். குழாய் உள்ளே போனதும் பை நிறையத் தொடங்கியது.

நிறைந்தது, நிறைந்தது, நிற்கவேயில்லை. அடைபட்டுக் கிடந்த சிறுநீரகம் திறந்துவிட்டால் சில நேரம் அப்படித்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். போகிறதை அளந்து, அதற்கேற்ற மாதிரிச் சேலைனைத் திருப்பி ஏற்றாவிட்டால், அடைப்பில் தப்பிய மனிதன் வெள்ளத்தில் போய்விடுவான். அளவு கிண்ணம் போதாமல் வெறும் சேலைன் போத்தல்களில் ஊற்றி அளந்தேன். பின்னேரம் ஆறு மணிக்குள் ஒன்பது போத்தல். நானும் அந்த வாட்டில் வேலை செய்த செல்வராணி அக்காவும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனோம். செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு சதைத்துண்டு, கதவு திறந்த உடனே இப்படி வேலை செய்கிறதே என்று எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. நான் பள்ளியில் படித்த எந்தச் சாமிப் பாட்டிலும் அப்படிப் புல்லரித்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்த டொக்டர் சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குழாயைச் சலப்பையில் நேராகத் தைத்தார். அந்தோனிப்பிள்ளை திரும்பவும் வள்ளம் ஏறினார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பின்னேரம்தான். ஒன்பதாவது போத்தலை வரிசையில் வைத்துவிட்டு, செல்வராணி அக்கா இடுப்பில் கை வைத்தபடி சொன்னா:

“கடலாலை வந்தவர் எண்டு சொன்னீர். கடலையே கொண்டெல்லோ வந்திருக்கிறார்.”

வேட்டிக்குள் என்ன

நெடுந்தீவில் தில்லையம்பலம் மாஸ்டர் என்று ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அவருக்கும் குழாய் சுருக்கம். இருதயம் பலவீனமாக இருந்ததால் வெட்டித் தைக்க ஏலாது. முதுகில் வைத்த குழாயும் இடுப்பில் கட்டிய பையுமாகத்தான் மிச்சக் காலம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குழாய் மாற்ற யாழ்ப்பாணம் போக வேண்டும். 2000 இல் ஒரு தரம் அவரோடு நானும் லோஞ்ச் படகில் போனேன். குறிகட்டுவான் துறையில் இறங்கியதும் நேவிக்காரன் ஒருவன் மறித்து, வேட்டிக்குள் புடைத்திருப்பது என்ன என்று கேட்டான். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. துவக்கு தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது. குழாயைப் பற்றி டொக்டர் எழுதித் தந்த கடிதத்தைத் தேடினேன். கடிதம் என் பையின் அடியில் இருந்தது.

மாஸ்டர் பதறவில்லை. வகுப்பில் கணக்குக்கு விடை எழுதிக் காட்டுகிற மாதிரி, வேட்டியை மெல்ல விலக்கி, குழாயையும் பையையும் காட்டினார். அந்தப் பெடியன் பார்த்தான். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் போட்டுவிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில், தன்னுடைய தாத்தாவுக்கும் இது இருக்கிறது என்றான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. வரிசையில் நின்றவர்களை விலக்கி, எங்களைப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். பஸ் வெளிக்கிட்ட பிறகும் மாஸ்டர் யன்னலால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பயம் தெளிந்து, நல்ல காலம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“பெடியன் இஞ்சை நிக்கிறான், பிள்ளை. அங்கை தேப்பனுக்கு ஆர் பை மாத்திறதோ.”

கேத்தில்

மடத்துவெளி நாகம்மா அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் இல்லை. இரண்டு மாடும் ஒரு கத்தரித் தோட்டமும் இருந்தன. நடுவயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து கொழும்பில் கதிர்ச் சிகிச்சை எடுத்தவ. நோய் போய்விட்டது. ஆனால் அந்தக் கதிர் பட்ட இடத்தில் இருபது வருஷம் கழித்துக் குழாய் சுருங்கியது. யுத்தநிறுத்தத்தில் கொழும்புக்குத் தரைப்பாதை திறந்திருந்த காலத்தில் அங்கே ஒரு டொக்டர், சுருங்கிய குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாயை வைத்துவிட்டார். ஸ்ரென்ற் என்று சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். முதல் தரம் மாற்றியபோது, கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லி, விரலில் வைத்துப் பார்த்திருக்கிறா. ஊருக்கு வந்து என்னிடம் சொன்னா, ஈர்க்கிலும் மெல்லிசு, இதை நம்பியோ நான் இவ்வளவு நாளும் மாடு பாத்தனான் என்று.

திரும்பவும் சண்டை தொடங்கி, 2006 ஆவணியில் அந்தப் பாதை பூட்டுப்பட்டது. அவவுடைய குழாய் மாற்ற வேண்டியது புரட்டாதியில். மாற்றுகிற டொக்டர் கொழும்பில். கப்பலுக்குப் பெயர் பதிந்தா. பெயர்ப் பட்டியல் தெரு நீளம். நாள் தள்ளிப்போனால் அந்தக் குழாயில் உப்புப் படிந்து கல்லாகும். கல்லானால் இழுத்து எடுக்க ஏலாது, சிறுநீரகமும் போகலாம். எங்கள் தீவுகளில் எந்த வீட்டிலும் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலைத் திறந்து பாருங்கள், உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நாட்களில் கேத்திலைக் காணும்போதெல்லாம் எனக்கு நாகம்மா அக்காவின் குழாய்தான் கண்ணுக்குள் வந்தது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் குடிப்பது.

மடத்துவெளியில் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும். எரிபொருள் இல்லாமல் பவுசர் கிழமைக்கு ஒரு தரம் வந்தாலே பெரிய காரியம். வீட்டுக்கு இரண்டு கான் தண்ணீர். நான் போய்ப் பார்த்தபோது நாகம்மா அக்கா தன் கானில் பாதியை மாட்டுக்கன்றுக்கு வைத்திருந்தா. எனக்குக் கோபம் வந்து கொஞ்சம் உரத்துப் பேசிவிட்டேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அடுத்த கிழமை நான் போனபோது முன்விறாந்தையில் பன்னிரண்டு செம்பு வரிசையாக இருந்தது. அந்த ஒழுங்கையில் அவவுடையதை விட்டால் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு நாளும் விடிய, வீட்டுக்கு ஒரு செம்பு. வைத்துவிட்டுப் போகவும் மாட்டார்கள். அவ குடிக்கிறாவா, கன்றுக்குட்டி குடிக்கிறதா என்று ஆள் மாறி ஆள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு யோகம் அக்காவுக்கு நாலு பிள்ளைகள். உங்களுக்குப் போதுமா என்று கேட்டேன். அவ பிடவைத் தலைப்பால் செம்பின் விளிம்பைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

“தேத்தண்ணியிலை ஒரு பேணி குறைஞ்சா ஒருத்தரும் சாகமாட்டம், மிஸி. இவ செத்தா ஒழுங்கையிலை ஆரோடை நான் சண்டை பிடிக்கிறது?”

தட்டத்தில் கிடந்தது

பதினொரு மாதம் கழித்துக் கப்பலில் இடம் கிடைத்தது. அந்தப் பதினொரு மாதத்தில் இரண்டு தரம்தான் காய்ச்சல் வந்தது. இரண்டையும் ஊசி மருந்தால் சமாளித்தோம். கூடப் போக என்னைப் போட்டார்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு. கப்பலில் நாகம்மா அக்கா சத்தி எடுத்தா; வாய் கொப்பளித்துவிட்டு, போன தண்ணீரைத் திருப்பிக் குடிக்க வேண்டுமென்று போத்தலைக் கேட்டு வாங்கினா.

கொழும்பு டொக்டர் கடைசியாகக் குழாய் மாற்றிய தேதியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்லாகியிருக்கும், உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும், ஒரு தரத்தில் முடியாது, சிறுநீரகத்துக்கு உத்தரவாதம் சொல்ல ஏலாது என்றார். நாகம்மா அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள்; நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். எனக்குத் தெரிந்த கடவுள்களின் பெயரெல்லாம் முடிந்து, மடத்துவெளி வீட்டுக்காரரின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருந்தேன். அரை மணித்தியாலத்துக்குள் கதவு திறந்தது. டொக்டர் தானே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழாய் முழுசாகக் கிடந்தது. மேல் நுனிச் சுருளில் மட்டும் சீனி தூவின மாதிரிக் கொஞ்சம் வெள்ளை. ஒரே இழுவையில் வந்தது, புதுசும் வைத்தாயிற்று என்றார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு செம்பைப் பற்றிச் சொன்னேன். அவர் தட்டத்தை வாங்கில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“முப்பது வருஷமா மருந்து எழுதிறன், மிஸி. இதை எழுத எனக்குத் தெரியாது.”

யாருடைய செம்பு

ஊருக்குத் திரும்பியதும் ஒழுங்கையில் புதுப் பிரச்சினை. குழாய் கல்லாகாமல் தப்பியதற்குக் காரணம் தங்கள் வீட்டுத் தண்ணீர்தான் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தான் வெட்டிவேர் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். இன்னொருவர் வடித்துக் கொடுத்தாராம். யோகம் அக்கா தன் செம்பு மற்றவர்களுடையதைவிடப் பெரிசு என்று என்னிடம் கொண்டுவந்தே காட்டினா.

2009 இல் பாதை திறந்த பிறகு, அதுவரை கப்பலிலேயே போய்வந்த நாகம்மா அக்கா குழாய் மாற்ற மறுபடியும் கொழும்புக்குப் பஸ்ஸில் வெளிக்கிட்டா. வழியனுப்ப நானும் போயிருந்தேன். உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, ஆற்றை வீட்டுத் தண்ணி வேலை செய்தது என்று பகிடியாகக் கேட்டேன். அவ பகிடியாக எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி, இருந்து, யன்னலால் குனிந்து, ஒழுங்கைக்காரர் யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துவிட்டுச் சொன்னா:

“ஒருத்தற்றை எண்டு சொன்னா மற்றப் பதினொரு பேருக்கும் நான் என்னெண்டு முகம் குடுக்கிறது? அதுதான் எல்லாற்றையையும் உள்ளுக்கை கலந்து வைச்சிருக்கிறன்.”

இப்போது ஓய்வூதியத்தில் இருக்கும் நான், வயது போன ஒருவர் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதைக் கண்டால் மரியாதையில் எழும்பி நின்றுவிடுவேன், வீட்டுக்கு வந்தவர்களோ நான் தங்களுக்குக் கதிரை விடுகிறேன் என்று நினைத்து அதில் இருந்துவிடுகிறார்கள்.