முன்னால் மறித்துக் கட்டிய துணி

கழுத்தில் தொங்கும் அட்டையின்படி தமிழ்மணி ‘குளிர்நிலைப் பராமரிப்பு அலுவலர்’. திண்டிவனத்தில் காலையில் எடுக்கும் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, விழுப்புரத்தில் இருக்கும் லேப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அலுவலருக்கு அலுவலகம் கிடையாது. அவர் பராமரிக்கும் குளிரும் ஐஸ் உருகும்வரைதான். அவர் ஓட்டும் பைக்கோ வழியிலிருக்கும் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும். பின்னால் ஐஸ், முன்னால் வெந்நீர், நடுவில் அலுவலர்.

பைக் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஞ்சினின் சூட்டைக் கூலண்ட் சுமந்துகொண்டு வந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் எதிர்காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் வகை. சாதாரண வண்டியைப் போல இது சூடாகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதிலுள்ள சங்கடம்.

லேப் மேலாளர் அரங்கநாதன் மரியாதை தெரிந்தவர். முதல் இரண்டு தாமதங்களுக்கு ‘வாங்க போங்க’ என்று பேசினார். மூன்றாவதற்கு மாறிவிட்டார்.

“தம்பி, நீ வெயிட் பண்ணுவ, நான் வெயிட் பண்ணுவேன், ரத்தம் வெயிட் பண்ணாது. இன்னொரு வாட்டி லேட்டுன்னா அட்டைய கழட்டி மேசை மேல வச்சிட்டுப் போய்க்கினே இரு.”

பிரம்மதேசத்துப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையைத் தவிர தமிழ்மணிக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கொல்லைக்கும் அவன் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. வண்டியை மரக்காணம் ரோட்டிலிருந்த அந்தோணி பிரபுவின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

அந்தோணி பிரபு முறையாகத்தான் ஆரம்பித்தார். கூலண்டைத் திறந்து பார்த்தார். பழைய சொந்தக்காரர் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தார். கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றினார். வெள்ளோட்டம் விட்டதும் கொதித்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். கொதித்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார். அது திறக்க வேண்டிய சூட்டில் அழகாகத் திறந்தது. ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், சுற்றியது. வாட்டர் பம்பில் ஒழுக்கில்லை. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக நல்லதென்று நிரூபணமானது. மொத்தமாகச் சேர்ந்தால்தான் கொதித்தது.

“எப்ப எப்ப ஜாஸ்தியா கொதிக்குது?” என்று கேட்டார் அந்தோணி பிரபு.

தமிழ்மணி யோசித்தான். “அமாவாசை தாண்டுனா ஜாஸ்தி ணா.”

“வண்டிக்குமா புடிக்கும் அமாவாசை? பேஜாரா போச்சுடா உன்னோட.”

ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஃபேனை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“காத்து வரல.”

வண்டியின் முன்னால், கிராஷ் கார்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, ரேடியேட்டரை மூடிச் சிவப்புத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மஞ்சள் கரை வைத்த ஒன்று. தமிழ்மணியின் அம்மா வீரம்மாள் அமாவாசைதோறும் மேல்மலையனூர் போவார். அங்காளம்மன் சன்னிதியில் வைத்து வாங்கிய துணியை மறுநாள் வண்டியில் கட்டுவார். பழசை அவிழ்ப்பதில்லை. கட்டியதை அவிழ்த்தால் காவலை அவிழ்த்த கணக்கு. வண்டி கொதித்து மகன் வெயிலில் நிற்கிறான் என்று கேள்விப்பட்ட மாதத்தில் இரட்டை மடிப்பாகக் கட்டினார். அதன் பிறகு வண்டி இரட்டிப்பாகக் கொதித்தது.

“இத்தினி நாளா ஏன் ணா சொல்லல?”

“நான் வேதக்காரன்டா. உங்க ஆத்தா துணிய நான் தொட்டு எதுனா ஆச்சின்னா, எவன் எனக்கு சப்போர்ட்டுக்கு வருவான்? அதுக்குத்தான் மத்ததெல்லாம் பாத்தேன்.” வண்டியின் எல்லாப் பாகங்களையும் கழற்றிய மனிதர் அந்தத் துணியை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்திருந்தார். “நீ ஏன்டா பாக்கல?”

தமிழ்மணி தினமும் பார்த்தான். அதை வண்டியில் சேர்த்து அவன் கணக்கு வைத்ததில்லை.

வீட்டில் வீரம்மாள் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்.

“எம்மா, வண்டிக்கு மூச்சு முட்டுதாம். துணிய ஹேண்டில் பார்ல கட்டிக்கலாமா?”

“உனக்கு மூச்சு இருக்கணும்னுதான்டா கட்டுனேன். வண்டிக்கா கட்டுனேன்?”

“எங்க கட்டுனா இன்னாம்மா?”

“உங்கண்ணனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? பின்னாலேர்ந்தா வந்துச்சு?”

அண்ணன் திருமுருகன் கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம், தப்பான பக்கத்தில் எதிரே வந்த லாரி மோதிப் போனவன். அவனும் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தான் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார்.

“முன்னால மறிச்சுக் கட்டறேன் தாயேன்னு வேண்டிக்கினேன். ஹேண்டில்ல கட்டுனா மறிச்சா மாதிரி ஆவுமா?” முறத்தைத் தட்டிவிட்டு மேலும் சொன்னார்: “கொதிக்குது கொதிக்குதுங்கிறியே, மெதுவா போனா கொதிக்குதா?”

“முப்பத்தஞ்சுல போனா கொதிக்காது.”

“பாத்தியா. ஆத்தா வேலை செய்யிது.”

இதற்கு எஞ்சினியரிங் கல்லூரிகளில் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. முப்பத்தைந்தில் போனால் ரத்தம் தாமதம். எழுபதில் போனால் வண்டி கொதித்துத் தாமதம். ஆத்தா எந்தப் பக்கமும் ஓட்டை விடவில்லை.

மறுநாள் காலை பெட்டியை ஏற்றிக்கொண்டதும், தமிழ்மணி பட்டறை முன்னால் நிறுத்தி, தன் கையாலேயே துணிகளை அவிழ்த்து மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தான். அந்தோணி பிரபு பார்க்காதது போல வேறு வண்டியின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமலே சொன்னார்: “ஜல்தி போ. இன்னிக்கு டைமுக்கு முன்னாடி போயிருவ.”

போயிருப்பான். நெடுஞ்சாலையில் எழுபது தொட்டும் சூட்டு விளக்கு எரியவில்லை. எஞ்சின் சத்தமே வேறாக இருந்தது. பழக்கதோஷத்தில் முன்னால் குனிந்து பார்த்தான். சிவப்பு எதுவும் ஆடவில்லை. சக்கரத்துக்கு முன்னால் வெறும் ரோடு. அம்மாவைக் கேலி செய்தவன்தான். அமாவாசைக் கூட்டத்தில் ஒருநாளும் கூடப் போகாதவன்தான். ஆனாலும் அண்ணன் விழுந்த அந்த இடம் நெருங்கியபோது வலதுகை தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டது. வண்டி ஓரமாகப் போய் நின்றது. வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக எஞ்சின் ஒழுங்கான சூட்டில் இருந்தது. அவனுக்குத்தான் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

போன் போட்டான்.

“ணா, வண்டி சூடே ஆவல.”

“அப்பறம் இன்னாடா? போய்க்கினே இரு!”

“போவ முடியல ணா.”

“ஏன், இன்னா பழுது?”

“தெர்ல ணா.”

“ஃபேன் ஓடுதா?” என்று கேட்டார் அந்தோணி பிரபு, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

“எல்லாம் ஓடுது ணா.”

பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பஸ்கள் அவனைத் தாண்டிப் போயின.

தமிழ்மணி இருக்கையைத் திறந்து துணிகளை எடுத்தான். முதலில் பழசு, அதன் மேல் அடுத்தது, கடைசியில் மஞ்சள் கரை வைத்தது என்று முன்னால் மறித்துக் கட்டினான். முப்பத்தைந்தில் விழுப்புரம் போனான். பெட்டியைத் தாமதமாகக் கொடுத்தான், அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.