கேரியரில் பேசிய பேச்சு

கல்யாணமான புதிதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தனியாகப் பேச ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவருடைய சைக்கிள்.

எங்கள் ஊர் திருப்பூர்ப் பக்கத்து மங்கலத்துக்கு மேற்கே. ஓட்டு வீடு, ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு இறக்கம். மாமனார், மாமியார், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார், நாங்கள் இருவர். பாயில் படுத்துக்கொண்டு காதோடு காதாக ஒரு வார்த்தை பேசினால்கூட, அந்தப் பக்கமிருந்து மாமியார், “என்ன சாமி, தண்ணி கிண்ணி வேணுமா?” என்று கேட்பார். கெட்டவர் இல்லை. தூக்கம் வராதவர். அதனால் பகலெல்லாம் மனதில் சேர்வதை அப்படியே கட்டி வைத்திருந்து, காலையில் சைக்கிள் கேரியரில் ஏறியதும் அவிழ்ப்பேன்.

அவர் மங்கலத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டினார். நான் திருப்பூர் எல்லையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்கிப் போடுவது. அவர் தன் பட்டறையைத் தாண்டி வந்து என்னைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப மங்கலத்துக்கு மிதிப்பார். சாயங்காலமும் அப்படித்தான். ஒரு நாள் மாமியார், “ஏன் சாமி, அவ பஸ்ஸுல போனா ஆகாதா? நீ எதுக்கு ரெட்டை மிதி மிதிக்கறே?” என்று கேட்டார். “பஸ்ஸுல நிக்க எடமில்லீங்கம்மா” என்று சொல்லிவிட்டு டயரை அமுக்கிப் பார்க்கக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் இடம் இருந்த நாள்களும் உண்டு. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒருக்களித்து உட்கார்ந்து, புடவை சக்கரத்தில் சிக்காமல் மடியில் சுருட்டிக்கொண்டு, ஒரு கையால் சீட்டின் அடியைப் பிடித்துக்கொள்வேன். பேசும்போது அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. முதுகைப் பார்த்துத்தான் பேசினேன். முகத்தைப் பார்த்தால் வராத பேச்சு முதுகைப் பார்த்து வந்தது. எங்கள் மேஜையில் சாத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியது, நாத்தனார் என் சீப்பை எடுத்து ஒளித்துவைப்பது, என் அம்மா வீட்டு ஆடு குட்டி போட்டது, எல்லாம் சொல்வேன். அவருக்குப் பேச்சு குறைவு. “ம்” என்பார். எங்கே “ம்” போடவேண்டுமோ அங்கே சரியாகப் போடுவார். தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் திருப்பூருக்குள் மண்ணரையில் ஒரு லைன் வீடு பார்த்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம் என்று அவர் சொன்னதும் சைக்கிளில்தான். அன்றைக்கு மிதித்த மூச்சோடு சேர்ந்து வந்த அந்தப் பேச்சை நான் வெகுநாள் உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த “ம்” எப்போது இடம் மாறத் தொடங்கியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் “என்ன?” என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு “என்ன சொன்னே?” என்று. ஒருநாள், “இன்னிக்கு டெய்லர் புள்ள ஒருத்திக்கு விரல்ல ஊசி ஏறிருச்சுங்க” என்றேன். “நல்லதாப் போச்சு” என்றார். கம்பெனி வரும்வரை சிரித்தேன். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார். கேட்டில் இறங்கி அக்காவிடம் சொல்ல, அவளும் சிரித்தாள்.

பழியை நான் காற்றின் மேல் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேகாத்து அடித்தால் ஆளைத் தள்ளும். காலையில் கிழக்கே போகும்போது முதுகில் அடிக்கும். மிதிக்காமலே சைக்கிள் ஓடும். சாயங்காலம் மேற்கே திரும்பும்போது முகத்தில் அறையும். நான் பேசுவது அவரிடம் போகாமல் பின்னால் பறந்து யாருக்கோ போய்விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதனால் முக்கியமான பேச்சையெல்லாம் காலையிலேயே பேசிவிடுவேன்.

குழந்தை உண்டாகியிருப்பதையும் ஒரு காலையில்தான் சொன்னேன். கல்யாணமாகி நாள் கழித்து வந்தது. வேறு யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அவர்தான் கேட்கவேண்டும் என்று வைத்திருந்தேன். காற்று முதுகில் இருந்தது. சாலையில் கூட்டமில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க, எனக்குத் தள்ளிப் போயிருக்குதுங்க. நேத்தே வாந்தி. அதாத்தான் இருக்கோணும்” என்றேன்.

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு புளியமரம் தாண்டியது, இன்னொன்று தாண்டியது. பிறகு, “செயின் லூசாயிருச்சு அம்மிணி. சாயங்காலம் கடையில காட்டோணும்” என்றார்.

தங்கச்சி கல்யாணம் முடியாமல் இப்போது குழந்தை எதற்கு என்று நினைக்கிறார், அதை வாயால் சொல்ல மனமில்லாமல் செயின் பேச்சு பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டில் இறங்கி, எப்போதும் சொல்கிற “பாத்துப் போங்க”கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு கேரியரில் நான் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கோபமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தாராம். எதற்குக் கோபம் என்று தெரியாமல், தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு, ஒருநாள் எனக்குப் பிடிக்குமே என்று வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நான் தின்னவில்லை.

கொஞ்ச நாளில் கம்பெனியில் மேஜையருகே நின்றுகொண்டிருக்கும்போதே அடிவயிற்றைப் பிசைந்தது. எதிரில் இருந்த சாத்தூர் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பீஸைப் போட்டாள். “ஏத்தா, என்னாச்சு உனக்கு? இப்படி வெளிறிப்போய் நிக்கே!” என்று வந்து தாங்கிக்கொண்டாள். அவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள்தான் பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலையில் ஒட்டிய தறிப் பஞ்சோடு அப்படியே வந்து நின்றார். டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாவின் வாய் அசைவதை நான் பார்த்தேன். இவர் தலையை முன்னால் நீட்டி, “என்னங்க?” என்றார். அந்த அம்மா திரும்பச் சொன்னார். “என்னங்க?” என்றார் மறுபடியும். அங்கே வேலை அதிகம். டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“கரு கலைஞ்சிருச்சுப்பா! உம் பொண்டாட்டிக்குக் கரு கலைஞ்சிருச்சு!” என்று கத்தினார். வார்டில் இருந்த அத்தனை கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டார். பிறகு, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அம்மிணி” என்றார்.

“சொன்னனுங்க. சைக்கிள்ல சொன்னனுங்க” என்றேன்.

அதையும் இரண்டாவது தடவைதான் கேட்டார். கேட்டதும் அவர் முகத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உண்டானதும் போனதும் அவருக்கு ஒரே சேதியாக வந்து சேர்ந்தது. சந்தோஷப்பட ஒரு காலை நேரம்கூட அந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

நான் தேறியதும் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டதே, “தறி ஓட்டறீங்களா?” என்றுதான். பிறகு கவட்டை போன்ற ஒரு இரும்பைத் தட்டிக் காதருகில் பிடித்தார், காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார். நான் இருந்த இடத்துக்கே அதன் ரீங்காரம் கேட்கிறது. இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடை தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

“நரம்பு கெட்டுப்போச்சும்மா. தறிச் சத்தம். போனது திரும்ப வராது. மிச்சமாவது நிக்கணும்னா தறிக்குப் போகக் கூடாது” என்றார் டாக்டர் என்னிடம்.

வெளியே வந்து அவர் காதில் கத்தி அதைச் சொன்னேன். “தறிக்குப் போகாம?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

இருந்தும் எனக்காக விட்டுப் பார்த்தார். ஒரு பனியன் கம்பெனியில் துணி ரோல் தூக்கப் போனார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவனை எந்தச் சூப்பர்வைசர் வைத்துக்கொள்வான்? “டேய் செவிடா” என்பதே அங்கே அவர் பெயராகிவிட்டது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை; உடன் வேலை செய்தவர்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தீபாவளி முடிந்ததும் மங்கலத்துத் தறிக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. உள்ளே அவர் நான்காவது தறியின் ஆளோடு கையை ஆட்டி, வாயை அசைத்து, ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. எல்லாரும் கையாலும் வாயசைவாலும்தான் பேசுகிறார்கள். அவர் காதைத் தின்ற அந்த இடத்தில் மட்டும்தான் அவர் செவிடர் இல்லை. சாப்பாட்டை அங்கிருந்த பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தறியை விடச் சொல்லி நான் கேட்கவில்லை.

சைக்கிளில் நான் அவருக்குக் காதானேன். இப்போது பேச்சு கிடையாது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வருவேன். பஸ்ஸோ லாரியோ வந்தால் இடது தோளை அமுக்குவேன். அவர் இடப்பக்கம் ஒதுங்குவார். அந்த வருஷங்களில் மங்கலம் ரோட்டில் தண்ணி லாரிகள் வரிசையாக ஓடும். சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரிகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. ஓர் ஆடி மாதச் சாயங்காலம், எதிர்க்காற்றில் சைக்கிள் தள்ளாடியபோது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் தோளை அமுக்கினேன். நான் தடுமாறிப் பிடிக்கிறேன் என்று நினைத்து அவர் நேராகவே போனார். லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றிலேயே சாய்ந்து இருவரும் ஓரப் பள்ளத்தில் விழுந்தோம். எனக்கு முட்டி தேய்ந்தது. அவ்வளவுதான்.

அவர் சைக்கிளைத் தூக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். “நான் உளுந்தா உளுந்துட்டுப் போறேன் அம்மிணி. உன்னையும் கூட்டிக்கிட்டு உளுக முடியாது” என்றார். செவிடர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து நான் கம்பெனி வேனில் போகத் தொடங்கினேன். அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கு வேன் விட்டிருந்தார்கள். அவர் ஏற்கெனவே கிளம்பியிருப்பார். வேன் அவரை வழியில் எங்கேயாவது தாண்டும். ஒருநாள் அவர் சாலை நடுவில் போய்க்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான், மறுபடி அடித்தான், கையை எடுக்காமல் அடித்தான். “பாரு, பெரிய துரை! காதுல என்ன ஈயமா ஊத்தியிருக்குது?” என்று கத்தினான். வேனில் பெண்கள் சிரித்தார்கள்.

“அவரு எங்க ஊட்டுக்காரருங்க. காது கேக்காதுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. டிரைவர் வேனை மண்ணில் இறக்கி ஓட்டித் தாண்டினான். ஜன்னல் வழியே பார்த்தேன். தலை குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். வேனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் கல்யாணம் முடிந்தது. மண்ணரையில் லைன் வீடும் பார்த்துப் போனோம். மங்கலம் அங்கிருந்து இன்னும் தூரம். அவர் அதையும் சைக்கிளிலேயே போய்வந்தார். இரண்டாவது தடவை உண்டான கருவும் நிற்கவில்லை. அதன் பிறகு உண்டாகவே இல்லை. காதுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அது பாத்திரம் விழும் சத்தத்தையும் நாய் குரைப்பதையும் பெரிதாக்கியது. என் பேச்சைப் பெரிதாக்கவில்லை. கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இப்போது எங்களுக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருந்தது. ஆனால், சின்ன வார்த்தை ஒன்றிரண்டை உதட்டில் படிப்பாரே தவிர, எதைச் சொல்வதானாலும் கத்தவேண்டும். லைன் வீட்டில் சுவர் ஒரு செங்கல் கனம். சோறு ஆறுகிறது, தண்ணீர் வந்துவிட்டது, குடம் எடுத்து வையுங்கள். இவற்றைக் கத்தலாம். எனக்கு மனசு சரியில்லை என்பதைக் கத்திச் சொல்ல முடியுமா? உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதை? மெதுவாக மட்டுமே சொல்லக்கூடியவை எல்லாம் சொல்லப்படாமலே நின்றுபோயின. பிறகு அவை எனக்குத் தோன்றுவதும் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்னறையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, ஊரே கேட்கிற குரலில், “ஏன் அம்மிணி, எங்கிட்ட ஏதாச்சும் பேசேன்” என்றார். அடுத்த வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் கண் என் வாயிலேயே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன பேசுவது என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அவர் அதை என் உதட்டில் படித்துவிட்டு, சரி என்று தலையாட்டி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.