குதிருக்குள் வைத்த வேதம்

ஒன்பது வயதில் நான் கடவுளை ஏமாற்றினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. எங்கள் செவலைப் பசு சினையாக இருந்தது, தலைச்சன் கன்று. அதைப் பார்க்காமல் நான் எங்கேயும் போவதாக இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை நாள் முழுவதும் நீலமாகப் படுத்துக்கிடக்கும் ஒரு சிற்றூரில் இருந்தோம். பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். தாத்தா தன் கடைசிக் காலத்தில் வாங்கிப்போட்ட ஒன்றரை ஏக்கர் கரட்டு நிலம்தான் எங்கள் ராஜ்ஜியம். இரண்டு வருடமாக மழை பொய்த்து, சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிப்போனது. தாத்தா தோண்டிய கிணறு எப்போதோ ஒரு ஐப்பசி வெள்ளத்தில் கரை சரிந்து மண்மூடி, நடுவில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. தானியம் கொட்டிவைக்க வீட்டு மூலையில் என் கழுத்து உயரத்துக்கு நின்ற மண்குதிர் காலி. அந்த வருடத்தை நினைத்தால் முதலில் எனக்கு வருவது அந்தக் காலிக் குதிரின் வாசனைதான். பழைய தவிடும் மண்ணும் கொஞ்சம் எலியும் கலந்த வாசனை.

அந்தக் கோடையில் அரியலூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். சிமெண்டு ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் அவருக்கு வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் காதுமடலில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருக்கும். கூழைக் குடித்துவிட்டு அப்பாவிடம் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, இந்தக் கரட்டக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீங்க? மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். வூடும் குடுத்துருவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன், ஒரு பதில சொல்லிப்புடுங்க."

அந்த வீட்டில் மாடு கட்ட இடம் கிடையாது, செவலையைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்பதையும் போகிறபோக்கில் சொன்னார். நிலத்தையும் யாருக்காவது கிரயம் பண்ணிவிடலாம் என்றார். அம்மா, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் கூழ் குடித்த கும்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடப்பிறந்தவன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வாய் வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் பெரிய காரியங்களை முடிவு செய்ய ஒரு முறை இருந்தது. மாலை ஜெபம் முடிந்ததும் அப்பா வேதப் புத்தகத்தை முதுகு தரையில் படும்படி நிறுத்தி, கண்ணை மூடி, இரண்டு கையையும் எடுத்துவிடுவார். அது எங்கே விரிகிறதோ அந்த அதிகாரத்தைப் படிப்பார். எங்கள் சபை உபதேசியாருக்கு இது பிடிக்காது. வேதம் என்ன கிளி ஜோசியமா என்று கேட்பார். அப்பாவிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. கிளி ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கூண்டுக்குள் போய்விடும், நான் அதிகாரம் முழுவதையும் படிக்கிறேனே என்பார். அது உண்மைதான். பெரியவரான பிறகு எழுத்துக் கற்றவர் அவர். ஆள்காட்டி விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து, எதையும் தாண்டாமல் படிப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேதத்தைத் திறப்பதாக அப்பா சொன்னார். எனக்கு நாலு நாள் இருந்தது. அப்பா ரோட்டு வேலைக்கும் அம்மா மலைக்கு விறகுக்கும் போனபிறகு, வேதத்தை மாடத்திலிருந்து இறக்கி, போகாதே என்று கடவுள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடத் தொடங்கினேன். ஞாயிறு பள்ளியில் தூங்கி வழிந்தவள், அந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில் வாசித்ததைப்போல் ஆயுளில் வாசித்ததில்லை. அந்தப் புத்தகத்தில் கடவுள் யாரையும் ஓரிடத்தில் உட்கார விடுவதாக இல்லை. எழுந்து போ, புறப்படு, தேசத்தை விடு என்று எல்லாரையும் மூட்டை கட்ட வைத்துக்கொண்டே இருந்தார். அவரும் மாமா கட்சிதானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் ஆதியாகமத்தில் கிடைத்தது. பஞ்சக் காலத்தில் ஈசாக்கிடம், எகிப்துக்குப் போகவேண்டாம், நான் சொல்லுகிற தேசத்தில் இரு என்கிறார் கடவுள். எனக்கு அந்த ஒரு வரி போதும். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆனால் முப்பது பக்கம் தள்ளி ஒரு கண்ணிவெடி இருந்தது. அதே ஈசாக்கின் மகனிடம், அதே கடவுள், பயப்படாமல் எகிப்துக்குப் போ என்கிறார். புத்தகம் அங்கே விரிந்துவிட்டால் செவலை கதி அதோகதி.

அதனால்தான் குதிர். கவிழ்த்த பானைமேல் ஏறி, எக்கி, ஈசாக்கின் பக்கத்தை விரித்துக் குதிரின் அடியில் வைத்து, புத்தகம் அங்கேயே விரியப் பழகட்டும் என்று இடது பக்கத்தின்மேல் ஒரு தட்டைக்கல்லை வைத்தேன். காலையில் வைத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் எடுத்துத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்துவிட வேண்டும். நடுப்பகலில் ஊர் அடங்கிக் கிடக்கும். ஓட்டுச் சந்து வழியாக ஒரு வெயில் துண்டு குதிரின் வாய்க்குள் இறங்கும். நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூசி பொன்னாக மிதக்கும். கல் இல்லாத வலது பக்கம் மெல்ல எழும்பும், படுக்கும், எழும்பும். புத்தகம் தூங்குகிறது என்று தோன்றும். எனக்கும் தூக்கம் வரும். "ஆண்டவரே" என்று மெதுவாகக் கூப்பிட்டால், குதிருக்குள்ளிருந்து பெரிய குரலில், "ஆண்டவரே" என்று பதில் வரும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா விறகுக்கட்டைப் போட்டுவிட்டு, "சாப்ட்டியாடி?" என்று கேட்டாள்.

"நான் குதிரு பக்கமே போவலம்மா" என்றேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் உண்டா? அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூழைக் கரைத்து வைத்தாள். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை புத்தகத்தை எடுக்கக் குதிருக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இரண்டு கல் இருந்தது. இடது பக்கத்தில் என் தட்டைக்கல். எழும்பி எழும்பி என்னைப் படுத்திக்கொண்டிருந்த வலது பக்கத்தில் இன்னொரு கல், கறுப்பாக, ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து. நான் அதற்குமுன் பார்த்திராத கல். பக்கங்கள் இரண்டும் பாய் விரித்ததுபோல் படிந்திருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடவுளே என் பக்கம் வந்துவிட்டார். இரண்டு கல்லையும் குதிருக்குள்ளேயே விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஜெபம் முடிந்தது. அப்பா வேதத்தை நிறுத்திக் கையை எடுத்தார். அது தயங்கவே இல்லை, சொல்லிவைத்தாற்போல் ஈசாக்கில் விரிந்தது. பக்கத்தின் நடுவில் ஒரு சோளமணி ஒட்டியிருந்தது. குதிரிலிருந்து வந்த மணி, மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்பா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். போகவேண்டாம் என்ற இடம் வந்ததும், "அந்த வரிய இன்னொருக்கா படிங்க" என்றாள் அம்மா. அப்பா இன்னொரு முறை படித்தார். நான் அதோடு முடிந்தது என்று எழப்போனேன். அப்பாவின் விரல் நிற்கவில்லை. நான் பார்க்காமல் விட்ட இடங்களுக்கெல்லாம் அது போயிற்று. ஈசாக்கின் தகப்பன் காலத்துக் கிணறுகளைப் பகைவர்கள் மண்போட்டு மூடியிருந்தார்கள். அவன் அவற்றை மறுபடி தோண்டினான். வம்பு வந்தது, வேறிடத்தில் தோண்டினான். அதிலும் வம்பு, இன்னொன்று தோண்டினான்.

வெள்ளியும் சனியும் அதே அதிகாரத்தையே அப்பா மறுபடி படித்தார். சனிக்கிழமை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "இங்கயே இருன்னு சொல்றாரு. ஆனா கையக் கட்டிக்கிட்டு ஒக்காருன்னு சொல்லலயே" என்றார். "நாளக்கி மச்சான் வந்துட்டுப் போவட்டும். திங்கக்கெழம எங்கப்பா தோண்டுன கெணத்துல கருவேலத்த வெட்டறேன்."

மாமா கோபித்துக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினார். மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். இனி அந்த வேலையும் இல்லை, இருப்பது மூடிப்போன ஒரு கிணறு மட்டும்.

அப்பாவும் அதே தெருவில் இருந்த சித்தப்பாவும் உள்ளே இறங்கி வெட்ட, அம்மா கயிற்றில் கூடையை இழுத்துக் கொட்டினாள். நான் சின்னக் கூடையில் சுமந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், எல்லாம் வறட்டு மண். ஊரில் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கடவுளை நம்பி வெட்டவில்லை, என் தட்டைக்கல்லை நம்பி வெட்டுகிறார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது வாரம் ஒரு பக்கத்துக் கரை சரிந்து அப்பா இடுப்புவரை புதைந்துபோனார். சித்தப்பா கையாலேயே மண்ணை வாரி அவரை வெளியே இழுத்தார். அப்பா கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தில் மண்ணோடு, மறுபடி இறங்கினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். பானைமேல் ஏறித் தலையைக் குதிருக்குள் விட்டு அழுதேன். "ஆண்டவரே, அதப் பண்ணுனது நானு" என்றேன்.

"நானு" என்றது உள்ளேயிருந்து அந்தப் பெரிய குரல்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்தக் குரலில் கோபமே இல்லை. குதிரின் அடியில் என் தட்டைக்கல் தனியாகக் கிடந்தது. கறுப்புக்கல்லைக் காணோம். வந்தவர் தன் கல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருவேளை நிஜமாகவே அவர்தானோ என்று யோசித்தபடி பானைமேலேயே நின்றேன். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

செவலை கன்று போட்ட வாரத்தில் மண் ஈரமானது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதற்கு நாலு நாள் கழித்துப் பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. அற்புதம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, பக்கெட் ரொம்பக் காத்திருக்க வேண்டும். ஆனால் நிற்கவில்லை. அந்த வருடம் அரை ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பா கிணற்றடியில் முழந்தாளிட்டார், சித்தப்பா அழுதார்.

மறுநாள் கிணற்று மேட்டில் அம்மா குளித்தாள். பஞ்சத்தில் அரைக்குடம் தண்ணீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தவள், அன்றைக்குத்தான் ஆசைதீர ஊற்றிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கையில் கறுப்பாக ஒரு கல், ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து. எனக்குத் திக்கென்றது. ஆண்டவருடைய கல்.

"அம்மா, அது எங்க கெடச்சுது? அதுல தேய்க்காத."

"ஏன்டி? நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்கூர்லேருந்து கொண்டாந்த கல்லு" என்று சொல்லிவிட்டு, மற்றக் காலையும் தேய்த்துக்கொண்டாள்.

நான் அதைப்பற்றி வெகுநேரம் யோசித்தேன். யோசித்து, எல்லாம் விளங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ஆண்டவருக்கு அவசரத்துக்கு ஒரு கல் தேவைப்பட்டிருக்கிறது, அம்மாவிடம் கேட்காமல் எடுத்துவிட்டார். ஆனாலும் நல்லவர், வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அன்று மாலை ஜெபத்தில் அதற்காக அவருக்கு, அப்பா காதில் விழாதபடி, மெல்ல நன்றி சொன்னேன். என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மா, "ஆமென்" என்றாள்.