ஓடிபி கேட்கும் இலவச வைஃபை

பருத்திப்பட்டு ஏரி அருகே பூந்தமல்லி பஸ்ஸுக்காக நிற்கிறேன். நிறுத்தத்தில் 'அரசு இலவச வைஃபை' என்று பெரிய பலகை. அதன் அடியில் நிற்கும் ஓர் அக்கா, கழுத்தில் கம்பெனி கேன்டீன் அட்டையோடு என்னிடம் வருகிறார்.

"தம்பி, உன் போன்ல ரீசார்ஜ் கீதா? நம்பர் குடேன்."

எதற்கு என்று கேட்கிறேன்.

"வைஃபை ஓடிபி கேக்குது. என் சிம்முல ரீசார்ஜ் முடிஞ்சி மெசேஜே வர்றதில்ல. பொண்ணோட காலேஜ் சீட்டுக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஓகே குடுக்கணும்."

பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் இப்படி நம்பர் கேட்பது இங்கே வழக்கமாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். கைநழுவும் சீட்டு என்னவென்று தெரியும். ரீசார்ஜ் செய்ய முடியாதவருக்கு என்று திட்டம் போட்டு, செய்தவருக்கு மட்டும் திறந்துவிட்டால் இது யாருக்கான கொள்கை?

என் எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியைச் சொல்கிறேன். அக்கா சீட்டை உறுதி செய்துவிட்டு மூச்சுவிடுகிறார்.

"இதைப் பத்தி ஒரு புகார் கொடுக்கக் கூடாதாக்கா?" என்கிறேன், கோபம் தாளாமல்.

"ஆபீசுக்கே போய்ச் சொன்னேன் தம்பி. ஆன்லைன்ல போடுன்னுட்டான்."