சூடு காட்டிய நாலு துண்டு

எங்கள் மலையூர் வால்டெசோரியாவில் எந்த வீட்டில் பன்றி அறுத்தாலும், கறியைக் கொத்தித் தொட்டியில் போட்டதும் கசில்டாவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவள் வந்து முழங்கை வரை கழுவிக்கொண்டு, உப்பும் பூண்டும் சிவப்பு மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைவாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள், பச்சையாகவே. மற்றவர்களெல்லாம் அந்தச் சிட்டிகையைச் சட்டியில் வறுத்துத்தான் ருசி பார்ப்பார்கள். இவளுக்கு அது ஆகாது. "வறுத்தா கொழுப்பு ருசிதான் தெரியும், உப்பு தெரியாது" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பாள். தொட்டியைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இன்னும் ஒரு கை உப்பு" என்று அவள் சொன்ன பிறகுதான் கறியைக் குடலில் அடைத்துச் சோரிசோ கட்ட ஆரம்பிப்பார்கள்.

அவள் என் தம்பி மனைவி. தம்பி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் பக்கத்து வீடு. முப்பது வருஷம் இந்த மலை ஊர்களுக்கெல்லாம் ரொட்டி வண்டி ஓட்டியவள் நான். யார் வீட்டில் என்ன வேகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். கசில்டாவைப் பற்றிச் சொல்ல என்னைவிட ஆள் கிடையாது.

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் வீட்டுத் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தலை" என்றாள். புதுப்பெண், அதுவும் அடுத்த பள்ளத்தாக்குக்காரி. எல்லோரும் சிரித்தோம். அந்த வருஷச் சோரிசோ முழுவதும் உள்ளே பச்சை பூத்து நாய்க்குப் போயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை. கூலி வாங்கமாட்டாள். சோரிசோவில் ஆறு சரம் கொடுப்பார்கள், கொண்டுவந்து தன் வீட்டு அடுப்படியில் ஓக் விறகுப் புகையில் தொங்கவிடுவாள். அவள் கை பட்டதைத் தின்று யாருக்கும் வயிறுகூட வலித்ததில்லை. அவளுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். படிப்பு கிடையாது, நிலம் கிடையாது. ஒரே மகன் ஹோனாஸ் வயாடொலிட் நகரத்தில் பஸ் கம்பெனியில் இருக்கிறான்.

போன டிசம்பரில் எங்கள் ஊர்க்காரன் கௌடென்சியோ வீட்டில் பன்றி அறுத்தார்கள். அவனுக்கு வேட்டைப் பைத்தியம், முந்தின வாரம்தான் ஒரு காட்டுப்பன்றியையும் சுட்டிருந்தான். இரண்டு கறியையும் கலந்துவிட்டான். அறுத்ததும் ஒரு துண்டு கறி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும், அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து "புழு இல்லை" என்று போன் பண்ணின பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கௌடென்சியோவும் ஓடினான். போனும் வந்தது. கசில்டா பிசைந்தாள், நாக்கில் வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல். கண்ணிமை இரண்டும் வீங்கிப் போயிருந்தன. "புகை பட்டிருக்கும் அக்கா" என்றாள். சூப்பு வைத்துக் கொடுத்தேன், எழுந்துவிட்டாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு ஹோனாஸும் அவன் மனைவி நெரேயாவும் வந்தார்கள். நெரேயாவுக்கு ஐந்தாம் மாசம். மூன்று தடவை தங்காமல் போய், நாலாவதாகத் தங்கியது. கசில்டா கௌடென்சியோ வீட்டுச் சரத்தில் ஒன்றை எடுத்து நறுக்கி நடுவில் வைத்தாள். நான் தொடவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் நாலும் போய்விட்டன. அவரைக்கொட்டையோடு வேகவைத்தால்தான் சோரிசோ எனக்கு இறங்கும். ஹோனாஸுக்கு நெஞ்செரிச்சல், அவனும் தொடவில்லை.

நெரேயா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சைக் கறி எதுவும் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நல்லா வறுத்துக் குடுத்தீங்கன்னா சாப்பிடுறேன்."

"பச்சையா? ஒரு மாசம் புகையில தொங்கினதும்மா இது. இதைப் பச்சைன்னு யார் சொன்னா?"

"அம்மா, வறுத்துக் குடுத்துட்டுப் போயேன். இப்ப என்ன" என்றான் ஹோனாஸ்.

"நீ வயித்துல இருந்தப்போ நான் சரம் சரமா தின்னேன். உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"அறிவுல கொஞ்சம் கொறைஞ்சிருக்கு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். கசில்டா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து நாலு துண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

சட்டி சரியாகக் காயக்கூட இல்லை. துண்டுகளைப் போட்டாள், புரட்டினாள், எடுத்துவிட்டாள். கொழுப்பு உருகி ஒரு சொட்டு கூட வரவில்லை.

"இதுக்குப் பேர் வறுக்கிறதாடி?"

"சூடு பட்டுச்சுல்ல."

"சூடு காட்டினே. பட்டுச்சுன்னு சொல்லாதே."

"வறுத்தா செருப்புத்தோல் மாதிரி ஆயிடும். என் சோரிசோவை அப்படி யாருக்கும் குடுக்க மாட்டேன். நீ சும்மா இரு அக்கா."

நான் சும்மா இருந்தேன். நல்ல நாளும் அதுவுமாய் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. கசில்டா தட்டை நெரேயா முன்னால் வைத்து, "நல்லா வறுத்துட்டேன், சாப்பிடு" என்றாள். நாலு துண்டும் தீரும் வரை மேஜையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பத்து நாள் கழித்துக் கௌடென்சியோவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிறிஸ்துமஸிலிருந்தே அந்தச் சோரிசோவை வெட்டி வெட்டித் தின்றவன் அவன். காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, கண்ணிமை வீங்கிக் கண்ணே தெரியவில்லை. புழுவாம். கால்நடை டாக்டர் நேரே அவன் வீட்டுக்கு வந்து அவன் மனைவியைக் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மடையன் தன் வீட்டுப் பன்றியின் துண்டை மட்டும்தான் கொண்டுபோயிருக்கிறான். ஒரே தொட்டியில் கலக்கப் போகிற கறிக்கு எதற்கு இரண்டு பரிசோதனை என்று அவன் கணக்கு. காட்டுப்பன்றிக் கறியை யாருமே பரிசோதிக்கவில்லை.

டாக்டர் அங்கிருந்து கசில்டா வீட்டுக்கு வந்து சரங்களையெல்லாம் கழற்றிப் பையில் போட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"நல்லா வேக வச்சுத் தின்னவங்களுக்குப் பயமில்லை. காய வச்சதோ புகை போட்டதோ, அதுக்கு இந்தப் புழு சாகாது. அப்படியே தின்னவங்க உடனே டாக்டரைப் பார்க்கணும், நாள் தள்ளக் கூடாது. இந்த வீட்டுல யார் யார் தின்னீங்க?"

"நான் மட்டும்தான்" என்றாள் கசில்டா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் அவளுடைய கிறிஸ்துமஸ் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதுவும் இதுவாகத்தான் இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்துப் போனார். அவர் வண்டி திரும்புவதற்குள் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நெரேயாவைச் சொல்லலையே நீ?"

"லேசாவாவது சூடு பண்ணித்தானே குடுத்தேன்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"சொன்னா அவ என் முகத்துல முழிப்பாளா அக்கா? குழந்தையை என் கண்ணுல காட்டுவாளா?"

"சொல்லாம விட்டா காட்டுறதுக்குக் குழந்தை இருக்கணுமேடி."

சொல்லக் கூடாத வார்த்தைதான். சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அவள் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே போன் போட்டாள். ஹோனாஸ் எடுத்தான். கௌடென்சியோ விஷயத்தைச் சொன்னாள். "நல்லவேளை, நெரேயாவுக்கு வறுத்துக் குடுத்தே" என்றான் அவன். எனக்கே அது கேட்டது.

"நான் வறுக்கலைடா."

"என்ன?"

"வறுக்கலை. வறுத்தேன்னு பொய் சொன்னேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய நாளாகும், மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வயிற்றில் பிள்ளை இருப்பதால் சும்மா மருந்து கொடுக்கவும் முடியாதாம். இதுவும் ஹோனாஸ் எனக்குத்தான் சொன்னான், தாயோடு பேசவில்லை. அந்த மூன்று வாரமும் கசில்டா எந்த வீட்டுத் தொட்டிக்கும் போகவில்லை. அவளைக் கூப்பிடவும் யாரும் வரவில்லை. பெற்ற மகளைப் போல அவளைத் திட்டினேன், கூடவே உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரியில் ஒரு காலை நெரேயாவே போன் பண்ணினாள். கசில்டாவைக் கூப்பிட்டு, எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் நான்தான் போனைப் பிடித்திருந்தேன்.

"அத்தை, எனக்கு ஒண்ணும் இல்லையாம். பிள்ளையும் நல்லா இருக்காம்."

கசில்டா தேம்பித் தேம்பி அழுதாள். மன்னித்துக்கொள் என்று நாலைந்து தடவை சொன்னாள். நெரேயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை. முதல் கடியிலேயே தெரிஞ்சுது. உள்ளே சில்லுன்னு இருந்தது."

"தெரிஞ்சுமா தின்னே? ஏம்மா?"

"நீங்க என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கசில்டா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மே மாசம் பெண் பிறந்தது. இந்த டிசம்பரில் என் வீட்டுப் பன்றிக்கு நான்தான் பிடிவாதமாகக் கசில்டாவை இழுத்து வந்தேன். நெரேயா குழந்தையோடு வந்திருந்தாள். ஹோனாஸ் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். புழு இல்லை என்று கால்நடை டாக்டரிடமிருந்து போன் வந்தது. கசில்டா பிசைந்தாள். சிட்டிகை எடுத்தாள், நாக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள். "சட்டி வை அக்கா" என்றாள்.

ஓரம் கருகும் வரை வறுத்தாள். வாயில் போட்டு மென்று, வெகு நேரம் நின்றாள்.

"எனக்குப் பிடிபடலை" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

"எனக்குக் குடுங்க அத்தை" என்றாள் நெரேயா.

கசில்டா இன்னொரு சிட்டிகையை எடுத்துக் கருக வறுத்துத் தட்டில் போட்டு அவளிடம் நீட்டினாள். நீட்டிய கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை, ஒரு காலண்டர்கூட இல்லை. நெரேயா மென்று விழுங்கும் வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு கம்மி அத்தை."

"எவ்வளவு?" என்று கேட்டாள் கசில்டா, திரும்பாமலே.