பம்பருக்குச் சந்தனப் பொட்டு

இந்த வயதில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை, சர்வீஸ் முடிந்து இன்று எடுக்கப் போனேன். முன் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனப் பொட்டு.

"வெள்ளிக்கிழமை எல்லே அண்ணை, உங்கடை காருக்கும் ஒரு பூசை செய்துவிட்டம்" என்றார் மனேஜர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் காரைக் கழுவிய மகள் கத்தினாள். "அப்பா, சந்தனத்துக்குக் கீழை பம்பர் வெடிச்சிருக்கு!"

உடனே மனேஜருக்குப் போன் எடுத்தேன்.

"எங்கையோ கொண்டுபோய் இடிச்சுப்போட்டு, அதை மறைக்கவோ பொட்டு வைச்சனீங்கள்?"

"பூசை செய்த காரை இண்டைக்கே ஆரும் கழுவுவினமோ அண்ணை?" என்று அவர் என்மீது பாய்ந்தார்.

பயத்தில் நான் "சொறி" சொல்லிவிட்டேன்.

நாளைக்கு மறுபடி போகிறேன். கோபமாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் யாராவது கூட வருவீர்களா?