கடலில் அலசிய துணிகள்

எங்கள் மகளுக்கு இன்றுதான் முதன்முதலாகத் துணி நாப்கின் கட்டப் போகிறோம். காலையில் என் கணவர் துவைத்துப் போட்டவை, புத்தளத்து வாடகை வீட்டுக் கொடியில் விறைத்துப்போய்க் கிடந்தன. ஒன்றை இழுத்தேன். சரசரவென்ற அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த கடற்கரை ஊரான கண்டக்குழிக்குக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறந்த கையோடு அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். கடலுக்குப் போகாமல் வீட்டில் நின்ற அப்பா, தம்பியின் துணிகளை வலை அலசுவதுபோலக் கடலிலேயே அலசி, வலை காயப்போடும் கம்புகளில் விரித்தார். வெள்ளைத் துணிகள் காற்றில் படபடத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் நாள் தம்பியின் தொடையெல்லாம் சிவந்து, அவன் வீறிட்டு அழுதான். அம்மா ஒரு துணியை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது! பிள்ளை என்ன வலையா, கடல்ல அலச?"

அப்பா துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனார். அதன்பிறகு காய்ந்த ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் மடித்தார். ஞாயிறு பூசைக்கு மட்டும் முகம் மழிக்கிற மனிதர், அதற்காகவே தினமும் மழித்தார்.

கணவர் பின்னால் வந்து நின்றார். "சவுக்காரத்தூள் கூடிப்போச்சு போல. திரும்ப அலசட்டா?"

மூன்று நாள் தாடி அவருக்கு.

"ஓம், அலசுங்க," என்றேன். "முதல்ல போய் சேவ் எடுத்திட்டு வாங்க."